சவர்க் கிணறு பதினேழு

ஸ்ரீகாந்துக்கு எண்கள் என்றால் உயிர். மனைவி ராகவியின் ஊரிலிருந்து வெளிநாடு வந்தவர்கள் நடத்தும் சங்கம் யாழ்ப்பாணத்தில் அறுபத்திரண்டு பொதுக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, அந்தத் தாள்களை அவன் குடியிருந்த கிரெய்கிபர்ன் வீட்டுக்கு அனுப்பியது. சம்பளமில்லாத அந்த வேலையை அவன் தலைமேல் போட்டுக்கொண்டான். சங்கத்திடம் இருந்தவை மூன்றே மூன்று சுத்திகரிப்பு இயந்திரங்கள். குடிதண்ணீர்க் கிணறுகளில் மிக மோசமான மூன்று எவையென்று அவன் சொன்னால், இயந்திரங்கள் அங்கே போகும்.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பட்டியல் போட்டான். வெள்ளிக்கிழமை செயலாளர் சிவபாலனுக்கு அனுப்பியும் விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மாமனார் மகேந்திரராஜா குசினிக் கதிரையில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்தார். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த மனுஷன், ஒன்றும் தப்பாது. பதினேழு கிணறுகளைக் காணவில்லையே என்று கேட்டார்.

"அதெல்லாம் ஷவர் கிணறு மாமா. குளிக்கிறதுக்குத்தானே? குடிதண்ணி லிஸ்ட்ல வேண்டாம்னு எடுத்துட்டேன்."

தாளில் 'சவர்' என்றுதான் எழுதியிருந்தது. அந்த வீட்டில் சோப்பைச் சவர்க்காரம் என்பார்கள். ஆக, சவர் என்றால் குளியல் என்று அவனாகவே முடிச்சுப் போட்டுவிட்டான். சென்னைக்காரனுக்கு வேறென்ன தோன்றும், பாவம்!

ராகவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. மாமனார் சிரிக்கவில்லை. சவர் என்றால் உப்புக் கரிக்கும் தண்ணீர், வேறு வழியில்லாமல் அதைத்தான் அங்கே சனம் குடிக்கிறது என்றார். ஸ்ரீகாந்த் தாள்களை மறுபடி விரித்தான். நீக்கிய பதினேழையும் திரும்ப எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். மிக மோசமான மூன்றும் அவற்றுக்குள்தான் இருந்தன.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் திருத்திய பட்டியலோடு எழுந்தான். எதிரே நாற்பது பேர். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், மாமனார் அவன் தோளை அழுத்தி இருத்திவிட்டுத் தான் எழும்பினார்.

"கணக்கிலை பிழையில்லை. கலியாணம் முடிஞ்சு அஞ்சு வருசம். நான் அவரோடை ஆறுதலா, அவசரமில்லாமல் இருந்து நாலு கதை கதைச்சிருந்தா, சவர் எண்டா என்னெண்டு என்ர மருமகனுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கதைக்கேல்லை. பிழை என்ர."

சங்கம் புதிய பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஸ்ரீகாந்துக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் வெட்கப்படாமல் அழுதான்.