முதலில் வாய் திறந்தவர்

அமெரிக்காவின் டொலீடோவில் பனிக்காலம் வந்தால் கூரை வேலை நின்றுபோகும். வருடத்தில் நாலு மாதம் சும்மா இருக்கிறவனுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் தராது. நானும் என் மனைவி மார்லாவும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு மோட்டல் அறையில் கிடந்தோம். மைக்ரோவேவைப் போட்டால் டிவி அணைந்துவிடும்.

ஹார்லன் தெருவில் ஒரு வீடு எட்டு மாதமாக விற்காமல் நின்றது. வீட்டுக்காரர் வெண்டல் ஃபுளோரிடாவில் குடியேறிவிட்டு, ஆளில்லாத வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் வாடகைக்கு இருப்போம், அதற்குள் இன்றைய விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்டால் அவர் மறுக்கமாட்டார். மறிப்பவள் ஏஜென்ட் லோர்னாதான். விற்றால்தான் அவளுக்குக் கமிஷன். வாடகைக்குப் போனால் பட்டை நாமம்.

இந்த வித்தையெல்லாம், வங்கிக்கடன் இல்லாமல் வீடு வாங்கக் கற்றுத்தருகிற ஒரு ஹோட்டல் கூட்டத்தில் கற்றேன். “கேக்கறதைக் கேட்டுட்டு வாயை மூடிக்க. முதல்ல பேசறவன் தோத்தான்” என்றான் கோட்டு போட்ட ஒருவன்.

ஹார்லன் தெரு வீட்டின் சமையலறையில் நானும் மார்லாவும் லோர்னாவும் உட்கார்ந்தோம். மேசைமேல் லோர்னாவின் போன் ஸ்பீக்கரில் வெண்டல்.

“முன்பணம் நாலாயிரம் டாலர். அது இன்னைக்கே உங்க கமிஷனுக்கு. மீதிக் கமிஷன் நாங்க வாங்குற அன்னைக்கு. வாடகை ஆயிரத்து முந்நூறு,” என்று சொல்லி வாயை மூடினேன்.

லோர்னா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. இவளும் அதே கூட்டத்துக்குப் போயிருக்கிறாள்!

“ஹலோ?” என்றார் வெண்டல். “இருக்கீங்களா? நீங்க சொன்ன ஆயிரத்து முந்நூறே ஜாஸ்தியா தெரியுதா? சரிப்பா, ஆயிரத்து இருநூறு.”

லோர்னாவின் கழுத்து சிவந்தது.

“புல் வெட்டுற மெஷினையும் வச்சுக்கங்க. ஹலோ? ஆயிரத்து நூறு! இதுக்குக் கீழ ஒரு டாலர் இறங்கமாட்டேன்.” மூச்சு வாங்கினார். “ஆயிரத்து ஐம்பது.”

“யோவ் வெண்டல், வாயை மூடுய்யா!” என்று கத்தினாள் லோர்னா. “உனக்காகப் பேரம் பேச வந்தவ நானு! நீயே உன் தலையில மண்ணைப் போட்டுக்கிறியே!”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “தோத்துட்டேன். நாலாயிரம் இன்னைக்கு, மீதி பிறகு. சம்மதம்.”

நான் பேசவில்லை. மறுபடி எப்போது பேசலாம் என்று கோட்டுக்காரன் சொல்லித்தரவே இல்லை.

“என்ன மிஸ்டர் டுவைட், இன்னும் குறைக்கணுமா? ஆளை விடுங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கைக்கு வந்த வீடு அவளோடு சேர்ந்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

மார்லா என் முழங்காலில் உதைத்தாள். “சரின்னு சொல்லித் தொலைடா, மரமண்டை! அந்த ரூம்ல இனி ஒரு நாள்கூட நான் இருக்கமாட்டேன்!”

“சரி,” என்றேன்.

லோர்னா பையை இறக்கி, பேனாவைத் திறந்தாள். “வாடகை ஆயிரத்து நூறு. அந்த ஆளு கடைசியா சொன்னது என் காதுல விழல. உங்க காதுல?”

“எங்களுக்கும் விழல,” என்றாள் மார்லா, என்னை முந்திக்கொண்டு.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினேன்.