பானெட்டுக்குள்ளிருந்து ஒரு வாசனை

ஆயுத பூஜை முடிந்த மறுநாளே மனோகரனின் பழைய வெள்ளைக் கார் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் ஒரு முனகல்கூட இல்லை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அத்தனை மரியாதை செய்தும் வண்டி இப்படிச் சதி பண்ணியதில் மனோகரனுக்கு மனசே ஆறவில்லை.

திருமழிசையிலிருந்து வந்த மெக்கானிக், பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டுப் போனார். விலையைக் கேட்ட மனைவி சரசா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அந்த காசுக்கு ஊட்டுக்கு வெள்ளையடிச்சிடலாம். ஞாயித்துக்கெயம காலீல செங்கல்வராயன் வரான். அவன் வர்றதுக்குள்ள கெளம்பலன்னா, அப்டியே தூக்கிக்கினு போவட்டும்."

செங்கல்வராயன் குத்தம்பாக்கத்தில் பழைய இரும்பு வாங்குகிறவன். வீட்டில் டிவி ரிமோட் சரசாவிடம். ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது மகள் நிவேதிதாவின் இலாகா. மனோகரன் இஷ்டப்பட்ட பாட்டை இஷ்டப்பட்ட சத்தத்தில் கேட்க இந்தப் பூமியில் இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான். அதுவும் போய்விட்டால் மனுஷன் எங்கே போய் உட்காருவார்?

ஞாயிறு காலை முதல் வைத்தியமாகப் புது எலுமிச்சம்பழம் கட்டினார். டக். பிறகு மாடியில் குடியிருக்கும் அபிஷேக் இறங்கி வந்தான். ஈரோட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. கார் ரிப்பேர் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பவன், இதுவரை ஒரு ஸ்பானரைக்கூடப் பிடித்ததில்லை.

"அங்கிள், ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்புங்க."

திருப்பினார். டக். எரிந்துகொண்டிருந்த லைட் பொசுக்கென்று அணைந்தது.

"பேட்டரி நல்லா இருக்குன்னா, கரண்ட் வழியில எங்கியோ சிக்கி நிக்குதுங்க. இல்லாட்டி மோட்டாரே இறுகியிருக்கும். லேசாத் தட்டிப் பாக்கலாமுங்களா?"

'லேசா' என்ற சொல் மனோகரன் காதில் விழவில்லை. ஜாக்கிக் கம்பியை எடுத்து மோட்டாரின் தலையில் அவர் போட்ட போட்டில், எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபோனது. மறுபடியும் சாவி. மறுபடியும் டக். விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் பானெட்டுக்குள்ளிருந்து அது வந்தது. கமகமவென்று சந்தன வாசனை. மனோகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாசன வருது பாத்தியா? அம்மாவே எறங்கி வந்துட்டா. இனிமே கெளம்பிடும்!"

அம்மா இறங்கினாளோ என்னவோ, வாசலில் வந்து நின்ற குட்டி யானை லோடு வண்டியிலிருந்து செங்கல்வராயன் இறங்கினான். மனோகரனின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே பாவமாகிவிட்டது.

"அட, தள்ளிப் பாக்கலாம் அண்ணாத்தே. எனக்கு இரும்பு எங்கனாலும் கெடைக்கும்."

அவனும் அபிஷேக்கும் பின்னாலிருந்து தள்ளினார்கள். மனோகரன் இரண்டாவது கியரில் வைத்து, வேகம் வந்ததும் கிளட்சை விட்டார். கார் குலுங்கியது, இருமியது, பிறகு கிளம்பியே விட்டது! பாட்டை அலற விட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாசலில் நிறுத்தி ஹாரனை அமுக்கினார்.

"சரசு! வெளிய வந்து பாருடி!"

சரசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருவதற்குள், வீடு வந்தால் வண்டியை அணைக்கிற பல வருஷப் பழக்கத்தில், மனோகரனின் கை அதுபாட்டுக்குச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது. பதறிப்போய் மறுபடியும் திருப்பினார்.

டக்.

"இத்த பாக்கத்தான் கூப்டியா?" என்றாள் சரசா. செங்கல்வராயன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். அபிஷேக்கும் மூச்சு வாங்க அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மனோகரனுக்கு அழுகை முட்டியது. அழுகையோடே இன்னும் நாலைந்து முறை திருப்பினார்.

சரசா மூக்கை உறிஞ்சினாள். "இன்னாய்யா, சந்தன வாசன வருது?"

"அம்மா வந்துகீறா சரசு."

சரசா பக்திக்குக் குறைச்சல் இல்லாதவள்தான். ஆனால் சாவியைத் திருப்பும்போது மட்டும் வருகிற அம்மாவை நம்ப அவள் தயாராக இல்லை. பானெட்டைத் தூக்கி, மூக்கு போன வழியே போய், பேட்டரி முனையைக் கவ்வியிருந்த பிடியில் விரலை வைத்தாள். "அய்யோ!" என்று கையை உதறினாள்.

"சுடுதுங்களா ஆன்ட்டி?" அபிஷேக் துள்ளி எழுந்தான். "அப்ப அங்கதானுங்க சிக்கியிருக்கு!"

முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே கழற்றினான். பிளஸ் பிடியின் உட்புறம் முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

மூன்று பேரும் மனோகரனைப் பார்த்தார்கள்.

"மேல வெச்சா மேலுக்கு மட்டும்தான பூஜ?" என்றார் மனோகரன், குரல் உள்ளே போக. "கரண்ட்டு உள்ள கீது. அதான் கயட்டி, உள்ள நல்லா பூசி, திருப்பி மாட்டினேன்."

சரசா உள்ளே போய் வெந்நீரும் பழைய பல் பிரஷும் கொண்டுவந்தாள். அபிஷேக் தேய்த்துக் கழுவித் துடைத்தான். உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, பிளஸ்ஸை முதலில் மாட்டி, இரண்டையும் இறுக்கினான். மனோகரன் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பில் கிளம்பியது.

செங்கல்வராயன் கைதட்டினான். வந்ததற்கு ஒரு ஓட்டைக் குக்கரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். மனோகரன் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குள் ஓடி, சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

"வேண்டாமுங்க அங்கிள்!" என்று அபிஷேக் இரண்டு கையையும் விரித்துப் பானெட்டின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டான்.

சரசா கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஒரு விரல் நிறையச் சந்தனம் எடுத்து மனோகரனின் நெற்றியில் அப்பினாள்.

"வெக்கிறதுன்னா இங்க வெச்சிக்க. இங்க கரண்ட்டு போவலன்னாலும் வண்டி ஓடும்."

சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மார்க்கெட்டுக்கு உடு" என்றாள். கதவைச் சாத்திய கையோடு பாட்டை மாற்றினாள்.

மனோகரன் அவள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார். மார்க்கெட்டில் அவள் காய்கறி வாங்கி முடிக்கும்வரை வண்டியை மட்டும் அணைக்கவே இல்லை.