ஏழாம் குழி

“மேடம், அந்தப் புல்லுல பூட்ஸோட ஏறப்படாது!” என்று காவலாளி கத்துவதற்குள் இசக்கிச்செல்வி ஏறிவிட்டாள். கோல்ஃப் மைதானத்தின் ஏழாம் குழிக்குப் பக்கத்தில், மருத மர நிழலில் அப்பா மல்லாந்து கிடந்தார். புல் வெட்டும் இயந்திரம் பாதி வட்டத்தில் நின்றிருந்தது.

குற்றாலத்தை ஒட்டிய அந்த ரிசார்ட்டில் பதினோரு வருடமாகப் புல் வெட்டியவர் சுடலையாண்டி. மகள் சிவகிரி ஸ்டேஷனில் காவலர். போன் வந்ததும் யூனிஃபார்மோடு பஸ் ஏறியிருந்தாள். குந்தி உட்கார்ந்து கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். துடிப்பு இல்லை. எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

பேட்டரி வண்டியில் மேனேஜர் விஜயசங்கர் வந்தார். “நல்ல மனுஷன்மா. ஹார்ட் அட்டாக்தான். வீட்டுக்குக் கொண்டு போகப் பின் கேட்ல வேன் நிக்குது. பதினோரு மணிக்கு கெஸ்ட் விளையாடணும், அதான்...”

“சரி சார்.”

அவள் கால்மாட்டில் பிடித்தாள். கூட வேலை பார்க்கும் சேக் மைதீன் தலைமாட்டில் குனிந்தார். குனிந்தவாக்கிலேயே முணுமுணுத்தார்: “காலையிலயே நெஞ்சு வலிக்குன்னு சொன்னான் தாயி. ஏழாங்குழிய முடிச்சிட்டுப் போன்னுட்டாவ.”

அவள் கால்களை மெல்லக் கீழே வைத்தாள்.

“மாமா, இத எழுதிக் குடுப்பியளா?”

அவர் மேனேஜரைப் பார்த்தார். “எனக்கு மூணு பொட்டப்பிள்ள இருக்குல்லா.”

அவள் மறுபடி கேட்கவில்லை. சற்றுத் தள்ளிப் போய்க் குற்றாலம் ஸ்டேஷனுக்குப் பேசி ஆள் வரச் சொன்னாள். பிறகு அம்மாவுக்கு.

“எப்பட்டீ கொண்டு வருவ? பந்தல் போட்டாச்சு.”

“நாளைக்குத்தான்ம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்.”

“அறுப்பாவளா?”

அந்தக் கேள்வியை அவளிடம் பல வீட்டு வாசல்களில் கேட்டிருக்கிறார்கள். சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, “ஆமாம்மா” என்றாள். அந்தப் பக்கம் அம்மா ஆவுடைத்தாய் போனை வைத்தாள்.

மேனேஜர் அருகில் வந்தார். “வீட்டுக்குக் கொண்டு போற காரியத்துல எதுக்கும்மா போலீஸெல்லாம்?”

“போலீஸ் வந்தாச்சு சார்.”

அவள் அப்பாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி நடந்து போனார். சேக் மைதீன் கிளம்புவது போல இரண்டு எட்டு வைத்தார். திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். தூரத்து மர வரிசையில் மூன்று பேர் மட்டையோடு காத்து நின்றார்கள்.

வெயில் ஏறியதும் தரைக்குள்ளிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகவே தலை நீட்டிச் சுழலத் தொடங்கின. தூரத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். தண்ணீர் வளைந்து வளைந்து நெருங்கி வந்தது. இசக்கிச்செல்வி எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அப்பாவின் முகத்தின் மேல் வைத்தாள்.