மூன்று அடிக்கட்டைகள்

பனிக்குகை வாசலில் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்னி கிளம்பியபோதே மனைவி காரின் தடுத்தாள்.

"அதுல கைய வைக்காத. வழி காட்ட நட்ட மரம்."

"கரையிலேருந்து இருபது மரம் நிக்குது. மூணு போனா ஏரி கோவிச்சுக்குமா? பிள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சிருச்சு, பாரு."

கடல்போல் பரந்த சுப்பீரியர் ஏரி குளிர்காலத்தில் உறைந்ததும், பண்டிகை முடிந்து வீதிக்கு வரும் கிறிஸ்துமஸ் மரங்களை ஊரார் சேகரித்து, பனிக்கட்டியில் துளையிட்டு வரிசையாக நடுவார்கள். கரையிலிருந்து, பாறையில் நீர் உறைந்து உண்டாகும் பனிக்குகைவரை அந்த வரிசையைப் பிடித்து நடந்தால் விரிசல் பக்கம் போக மாட்டோம். ஆர்னி இதே ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருவேன் என்று சொல்லித் திரிபவன். குகையை ஒட்டி நின்ற மூன்று மரங்களையும் அறுத்து, பாறையோரம் தீ மூட்டினான். எட்டு வயது மகள் ஜூனியின் கன்னம் சிவந்தது. குகை பார்க்க வந்திருந்த வயதான தம்பதியும் குளிர்காய்ந்துகொண்டே அவனை வாயார வாழ்த்தினார்கள்.

மதியத்துக்கு மேல் காற்று முறுக்கிக்கொண்டு பனியை வாரி இறைத்தது. பனி ஓயட்டும் என்று அந்த வயதான தம்பதி குகைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். ஆர்னிக்கு ஏது பொறுமை? மகளைச் சறுக்குப்பலகையில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு மனைவியோடு இறங்கினான். நாற்பது அடி போவதற்குள் முன்னும் பின்னும் ஒரே வெள்ளை. மரம் ஒன்றுகூடத் தென்படவில்லை. எப்படித் தென்படும்? காலடியில் எங்கோ பனிக்கட்டி முனகியது.

"விரிசல் எந்தப் பக்கம்?" என்றாள் காரின்.

அவனுக்குத் தெரியவில்லை. குளிரில் அழுதுகொண்டே வந்த ஜூனி அழுவதை நிறுத்தியிருந்தாள். அவன் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினான்.

அப்போது தகரம் தட்டும் சத்தம் கேட்டது. வருடா வருடம் மரம் நடும் ஐலி அக்காதான். காற்று மோசமானதும், குகைக்குப் போனவர்களைத் தேடி விளக்கோடு கரையிலிருந்து மரம் மரமாகத் தொட்டு வந்திருக்கிறாள்.

"ஐலிக்கா, நான் ஆர்னி. பிள்ளையும் கூட இருக்கா. சீக்கிரம் வாங்க."

"எப்படிடா வர்றது? இதுக்கு மேல மரத்தக் காணோம். எந்தப் பாவியோ எடுத்துட்டுப் போயிட்டான். விரிசல் எங்கன்னு தெரியாம நான் எங்க கால் வைக்க?"

காரின் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்க்கா அறுத்தேன்."

ஐலி தகரத்தை இன்னும் பலமாகத் தட்டினாள்.

"அப்ப அடிக்கட்டை இருக்கும், அந்த வரிசைல விரிசல் கிடையாது. மண்டி போட்டுத் தேடு. தகரச் சத்தத்தப் பாத்து வா."

பலகைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றித் தவழ்ந்தான். மனைவி பலகையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். வெறுங்கையால் பனியைத் துழாவினான். விரல் மரத்து, தோல் கிழிந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கட்டை தட்டுப்பட்டது. அவன் ரம்பம் போட்ட வெட்டு. பிறகு இன்னொன்று. மூன்றாவதைத் தொட்டபோது விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

ஐலி தன் கோட்டைக் கழற்றி ஜூனியைச் சுற்றினாள். பிள்ளை மெல்ல அழ ஆரம்பித்தது.

"யாருக்கோ நட்டதுன்னுதானேடா கைய வச்ச? அந்த யாரோ இன்னிக்கு உம் பொண்ணு. ஊர்ப்பொதுவுல ஒண்ண எடுக்கிறவன் யாரோ ஒருத்தர் உசுரத்தான் எடுக்கிறான்."

 ஆர்னி விளக்குக்குக் கை நீட்டினான்.

"நீங்க இவங்கள மரத்தத் தொட்டுக் கூட்டிட்டுப் போங்க. குகையில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க எப்பக் கிளம்பினாலும் இங்க ஒரு மரம் வேணும்."

அவன் மறுபடி மண்டியிட்டுத் தவழ்ந்து, நடுக்கட்டைக்குப் போய், விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றான்.