ஜூபிலி காலேஜின் லெப்ட் அவுட்

ஜூபிலி காலேஜ் டீம் பந்தாடிய மறுநாள் காலையில், செவ்வாய்ப்பேட்டை ஜானகியம்மாள் காபி கிளப்பில் அந்த ஆட்டம் இன்னொரு தடவை நடக்கும். மைதானத்தில் தவறிய கோலெல்லாம் அங்கே விழுந்துவிடும். அந்தக் கூட்டத்தில் பெரிய குரல்காரன் கந்தவேல். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேலத்தில் புளி மண்டி வைத்திருந்தான். காலேஜுக்குள் கால் வைத்தவனில்லை. ஆனால் ஆட்டம் இருக்கிற சாயங்காலம் எந்த வியாபாரி வந்து நின்றாலும் மண்டியைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

1938ஆம் வருஷத்தில் கிளப்பில் பேச்சு முழுக்கப் புது டிரில் மாஸ்டர் தீர்த்தகிரியைப் பற்றித்தான். பெங்களூர்ப் பட்டாளத்தில் ஆடிவிட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் வந்ததும் ஆட்டத்தைப் பழைய மைதானத்திலிருந்து சூரமங்கலம் போகிற வழியில் ஒரு புதுக் கிரவுண்டுக்கு மாற்றினார்கள். அங்கே தகரக் கூரை போட்டு, வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் நாற்காலி. கடைவீதிக்காரர்கள் கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நிற்கவேண்டும். அந்த நிலம் யாருடையது, அதை வாங்கச் சொன்னது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். மணியனை உட்காரவைத்ததைத்தான் பொறுக்கமுடியவில்லை. மணியன் நாமக்கல் பண்ணைவீட்டுப் பையன், எல்லாருக்கும் செல்லம். அவன் ஆடிய லெப்ட் அவுட் இடத்தில், இடதுகோட்டோரத்தில், மாஸ்டர் சென்றாயன் என்ற ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கறுத்து ஒல்லியான பையன். பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடினான். பந்து அவன் இடதுகாலில் பட்டால் எதிரிக்குக் கிடைக்காது. கோல் போட்டாலும் சிரிக்கமாட்டான். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டான்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் சரியில்ல," என்றான் ராசு. அவன் மண்டி இருந்த தெருவிலேயே தையல் கடை வைத்திருந்தவன், கந்தவேலின் கூட்டாளி. "ஆத்தூர்ப் பக்கம்னு சொல்றான். ஆத்தூர் அரிசிக்காரங்க எத்தனை பேரு எங்கடைக்கு வாராங்க! எந்த ஊரு, யாரு மவன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. காலேஜுல படிக்கிறவன் ஊருக்கே தெரியாம இருப்பானா?"

"மாஸ்டருக்குச் சொந்தமா இருக்குமோ?" என்றான் கந்தவேல்.

"சொந்தமோ, கூலிக்குப் பிடிச்ச ஆளோ. கோப்பை ஆட்டத்துக்குத் திருச்சிக்காரன் வாரான். அவன் இதைத் தோண்டி எடுத்தான்னா, ஜெயிச்சும் பிரயோசனமில்ல. கோப்பையைப் பிடுங்கிக்குவாங்க."

ஜானகியம்மாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "அப்ப திருச்சிக்காரனுக்கு முன்னாடி நீங்க தோண்டப் போறீங்களா?" என்றாள்.

எல்லாரும் கந்தவேலைப் பார்த்தார்கள். தை பிறந்தால் அவன் புளி வாங்க ஆத்தூர் போவது வழக்கம்.

"சரி, நான் பாத்துட்டு வாரேன்," என்றான் கந்தவேல்.

ஆத்தூரில் ரயிலிறங்கி மலையடிவாரத்துக்கு ஒரு பாரவண்டியில் போனான். வண்டிக்காரன் அந்தப் பக்கத்து ஆள். கந்தவேல் அவனிடம் புளி விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "இந்தப் பக்கம் சென்றாயன்னு ஒரு பையனுங்க, சேலத்துல படிக்கிறானாம். யாரு ஊட்டுப் பையன்?" என்று கேட்டான்.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டுவதை நிறுத்தினான். "சென்றாயனா? அத்தாயி மவனா?"

"ஆமாங்க, இருக்கும்."

"அவன் எங்கேர்ந்து படிப்பான்? போன வாந்திபேதியில செத்துட்டானே. நான்தான் இந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன்."

கந்தவேலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது! மறுநிமிஷம்தான் உறைத்தது. அவன் கைதட்டிய கோலெல்லாம் ஒரு செத்தவன் பெயரில் விழுந்தவை.

அத்தாயியின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கந்தவேலைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. உரிப்பதையும் நிறுத்தவில்லை.

"யாரு?"

"சேலத்துலருந்து வாரனுங்க. புளி வாங்க."

"எங்கிட்ட புளிய மரமே இல்லியே."

"இல்லீங்க, வந்து... சென்றாயன்..."

அவள் கை நின்றது. "புளி வாங்க வந்தவரு எம் மவன் பேரை எதுக்குக் கேக்கறீங்க? போலீசா?"

"ஐயோ, இல்லீங்க. நான் பந்தாட்டம் பாக்கறவன்."

அந்தப் பதில் கந்தவேலின் காதுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆட்டத்துல ஜெயிக்கிறானா?"

"ஜெயிக்கிறானுங்க. இந்த வருசம் எல்லா ஆட்டமும் அவனாலதான்."

"அது உங்களுக்குப் புடிக்கலியா?"

அவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"பெரியவன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணான். இந்த ஊருலயே அவன்தான் மொதல்ல. காலேஜுக்குப் போற நேரத்துல போய்ட்டான். சின்னவன் பச்சமுத்துவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரல. பந்து, பந்து, அதுதான். திருவிழாவுல ஆடுனப்ப அந்த வாத்தியாரு பாத்தாரு." கடலைத் தோலை ஊதிவிட்டாள். "பெரியவன் படிச்சது வீணாப் போவக்கூடாதுன்னு அவன் சர்ட்டிபிகேட்டைச் சின்னவன் கையில குடுத்தனுப்புனேன். நாந்தான் நெனைச்சேன். யாரும் சொல்லித்தரல."

"வாத்தியாருக்குத் தெரியுங்களா?"

"அதை அவரைக் கேளுங்க."

அவன் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலம் திரும்பிய மறுநாள் காலையில் கந்தவேல் கிளப்புக்குப் போகவில்லை. நேராகப் புதுக் கிரவுண்டுக்குப் போனான். கோப்பை ஆட்டத்துக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி மாஸ்டர் தனியாக நின்று கோல் கம்பத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தூர் போயிருந்தனுங்க. அந்தம்மாவைப் பாத்தேன்," என்றான் கந்தவேல்.

மாஸ்டர் முகத்தில் எதுவும் மாறவில்லை. "யாரு அனுப்பினது? திருச்சிக்காரங்களா?"

"என்னையவா? ஏனுங்க, இந்தக் காலேஜுக்காகக் கத்திக் கத்தியே தொண்டை போனவன் நான்!"

"கத்தறவங்களைத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன்." அவர் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். "அவன் கிளாசுல உட்கார்ந்து படிக்கிறான். கஷ்டப்பட்டுப் படிக்கிறான். இப்ப அவனுக்கு அண்ணனைவிட ஒண்ணும் குறைச்சலில்ல."

"அது வேற பேச்சுங்க. பேரு பொய்யில்லீங்களா?"

"பொய்தான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று கந்தவேல் எதிர்பார்க்கவில்லை. "எதுக்குங்க இப்படி?"

"எனக்கு ஜெயிக்கணும். உனக்கும்தானே?" மாஸ்டர் அவனை நேராகப் பார்த்தார். "சொல்றதா இருந்தா ஆட்டத்துக்கு முன்னாடி சொல்லிடு. ஒரு ஆட்டம்தான் போகும். ஜெயிச்ச பிறகு சொன்னா அந்தப் பையனை ஊரே காறித் துப்பும்."

அன்று சாயங்காலம் கிளப்பில் எல்லாரும் காத்திருந்தார்கள். கந்தவேல் உட்காருவதற்குள் ராசு கேட்டான்: "என்னப்பா, கண்டுபிடிச்சியா?"

"நல்ல குடும்பமப்பா. சென்றாயன்தான். அம்மாவைப் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் அவனைத் தெரியல?"

"ஊர்க்கோடியில இருக்கறாங்க. யாரு போறா, வாரா?"

ராசு காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "காலையில கிரவுண்டுப் பக்கம் போயிருந்தியாமே? மாஸ்டரோட பேசிக்கிட்டிருந்தியாம்."

"கோடு போடறதப் பாக்கப் போனேன்."

"ஓகோ," என்றான் ராசு. அதற்கப்புறம் பேச்சு அரிசி விலைக்குத் தாவியது. கந்தவேல் வாயைத் திறந்தால் எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். அந்தக் கவனம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் காலேஜ் பியூன் மூலம் மண்டிக்கு ஒரு டிக்கெட் அனுப்பினார். தகரக் கூரைக்குக் கீழே, நாற்காலி டிக்கெட். நன்றிக்கு அனுப்பினாரா, வாயை அடைக்க அனுப்பினாரா, கந்தவேலுக்குத் தெரியவில்லை. பியூன் ராசுவின் கடையில்தான் வழி கேட்டிருந்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"விலை போயிட்டான்," என்று யாரோ சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

ஆட்டத்தன்று கந்தவேல் நாற்காலிப் பக்கம் போகவில்லை. கயிற்றுக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் போய் நின்றான். ராசுவும் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தள்ளிப் போனார்கள். அவ்வளவு கூட்டத்திலும் அவனைச் சுற்றி மட்டும் காலி இடம் இருந்தது.

திருச்சிக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். முதல் பாதியில் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் லெப்ட் அவுட் பையன் கோட்டோரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு போய், இரண்டு பேரை ஏமாற்றி, கோல் கீப்பரின் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் திணித்தான். கூட்டம் கூத்தாடியது. கந்தவேலும் கையைத் தூக்கினான், ஆனால் இவ்வளவு நாள் கத்திய பெயரைக் கத்தவில்லை. அது வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பையனின் பெயர்.

இரண்டாம் பாதியில் பந்து மறுபடி அந்தப் பையனிடம் வந்தது. கந்தவேல் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில். பையன் உள்ளே வெட்டிப் போக இடம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து திருச்சியின் பின்வரிசை ஆட்டக்காரன், தடியான பேக் ஒருவன், பூட்ஸ் காலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வெறுங்கால் முறிந்துவிடும்.

"பச்சமுத்து! பின்னால!"

யோசிக்காமல் வந்துவிட்டது. பையன் சட்டென்று திரும்பினான். பின்னால் வந்தவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான், முகம் முகமாகத் தேடினான். பந்து அவன் காலை விட்டு நகர்ந்தது. பேக் அதைத் தட்டிக்கொண்டு போனான். அங்கிருந்து மூன்றே உதையில் மறுகோடிக்குப் போய், ஜூபிலி காலேஜ் வலைக்குள் விழுந்தது.

அதன்பிறகு பையன் ஆடவில்லை. ஓடினான், நின்றான், கயிற்றுப் பக்கமே பார்த்தான். மாஸ்டர் அவனை வெளியே கூப்பிடவும் இல்லை. திருச்சிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலையும்போது ராசு கந்தவேலிடம் வந்தான். கோபமாக வரவில்லை. நெருங்கி நின்று மெதுவாகத்தான் கேட்டான்.

"பச்சமுத்து யாரு?"

"எங்கக்கா மவன் பேருப்பா. வாய் தவறி வந்துருச்சு."

"உனக்கு அக்காவே கிடையாதே."

கந்தவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

திங்கட்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் பையன் மண்டிக்கு வந்தான். கையில் ஒரு தகரப் பெட்டி. புளி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டான்: "நீங்கதானே கூப்பிட்டீங்க? உங்களுக்குத்தான் தெரியும்னு மாஸ்டரு சொன்னாரு."

"நான்தான்."

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சாமி."

நம்பினானா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "அந்தப் பேரைச் சொல்லி எங்கம்மா மட்டுந்தான் கூப்பிடும். அம்மா ஆட்டம் பாக்க வந்துருச்சோன்னு தேடுனேன்." பெட்டியைக் கீழே வைத்தான். "மாஸ்டரு போவாதேன்னாரு. யாருக்கும் தெரியாது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாரு. என்னால முடியாதுங்க. இனிமே எந்த ஆட்டத்துலயும் பந்தைப் பாக்கமாட்டேன். கூட்டத்துல யாரு தெரிஞ்சவன்னுதான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"எங்க போற?"

"கோயமுத்தூருக்கு. மில்லுல டீம் வச்சிருக்காங்களாம். நல்லா ஆடுனா வேலை தர்றாங்களாம். அங்க எம்பேரைச் சொல்லியே சேந்துக்கலாம்."

கந்தவேல் ஆளனுப்பி ஜானகியம்மாள் கிளப்பிலிருந்து காபி வரவழைத்தான். பையன் வாங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். எதிர்ச்சாரியில் ராசு தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றான். பக்கத்துக் கடைக்காரனும் வந்து சேர்ந்துகொண்டான். கந்தவேலுக்கு அந்தப் பார்வை சுட்டது. எழுந்து கதவைச் சாத்தலாமா என்று நினைத்தான். சாத்தினால் இன்னும் பேச்சாகும். அப்படியே இருந்துவிட்டான்.

பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க எல்லா ஆட்டமும் பாத்தவரு. நான் எப்படி ஆடுனேன்?"

கந்தவேலிடம் அதை இதுவரை எந்த ஆட்டக்காரனும் கேட்டதில்லை. அவன் ராசுவின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பையனை நெருங்கி உட்கார்ந்தான்.

"இடதுகால் தங்கமுங்க சாமி. ஆனா அதையே நம்பிப்போட்ட. திருச்சிக்காரன் ரெண்டாவது பாதியில அதைக் கண்டுபிடிச்சுட்டான். வலதுபக்கம் ஒரு தடவையாவது வெட்டிப் போயிருந்தா அவன் குழம்பியிருப்பான்."

"வலதுகாலு பலமில்லீங்க."

"பலம் வேண்டாம். போற மாதிரி காட்டுனாப் போதும்."

பையன் எழுந்து டம்ளரை மூட்டையின் மேல் வைத்தான். வலதுகாலை முன்னால் வைத்து, தோளைச் சாய்த்து, சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். "இப்படிங்களா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவாத் திரும்பு. அவன் நம்பணுமில்ல?"

பையன் மறுபடி செய்தான்.