யாரும் தள்ள வேண்டாம்

உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிக்கப் வண்டியின் பின்கதவில் கை வைத்தான். இன்னும் மூன்று பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள்.

"தள்ளாதீங்கலே!"

கத்தியது வேலுசாமி என்று புரியவே எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையிலிருந்து வாயைத் திறக்காத மனிதர். பந்தலிலிருந்து ஓடிவந்து தன் வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

"கையை எடு. ஒருத்தனும் பின்னால நிக்கக் கூடாது."

"அமரர் ஊர்தி வந்து மெயின்ரோட்டுலயே நிக்குதுண்ணே. இதை ஓரங்கட்டுனாத்தான் அது தெருவுக்குள்ள வரும்," என்றான் பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி. "செல்ஃப் எடுக்காத வண்டி. தள்ளாம எப்படி?"

வேலுசாமி பின்கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். யாரும் அவரை விலக்கத் துணியவில்லை.

வேலுசாமியின் மச்சினன் சோலைச்சாமி, கிடத்தியிருந்த அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவன். அழுது சிவந்த கண்ணைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு, "விடுங்க, நான் பாக்கேன்," என்று தன் பைக்கில் கிடந்த பையை எடுத்து வந்தான்.

சாவியைத் திருப்பினான். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். சத்தமே இல்லை. பானெட்டைத் தூக்கி பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தான். இறுக்கமாகவே இருந்தன. ஒரு வயரை எடுத்து பேட்டரியிலிருந்து நேராக செல்ஃப் மோட்டாருக்குத் தொட்டான். மோட்டார் கர்ரென்று சுற்றியது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு மச்சான். சுவிட்ச் பக்கந்தான் தகராறு. எம்புட்டு நாளா இப்படி?"

"சித்திரையிலேருந்து."

"மூணு மாசமாவா? யாரு தள்ளுனா?"

வேலுசாமி தெருவைப் பார்த்தார்.

மூன்று மாதமாக அவர் மனைவி முனீஸ்வரிதான் தள்ளினாள். தேவதானத்தில் அந்தத் தெரு இறக்கமானது. விடியற்காலையில் தோப்புக்குத் தேங்காய் ஏற்றப் போகும்போது வண்டி காலியாக இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னாலிருந்து தள்ளுவாள். பத்தடி உருண்டதும் அவர் கிளட்சை விடுவார், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்த்தொட்டி வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தபடி காத்திருப்பார். காலை எடுத்தால் வண்டி அணைந்துவிடும். அவள் மூச்சு வாங்க நடந்து வந்து ஏறிக்கொள்வாள்.

இன்றைக்கும் இன்ஜின் பிடித்தது. வளைவைத் தாண்டி நிறுத்தினார். அவள் வரவில்லை. தொட்டி மறைத்ததால் கண்ணாடியில் தெரு தெரியவில்லை. குழாயடியில் எவளிடமோ பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்தார். நான்கு தரம் ஹாரன் அடித்தார். ஐந்தாம் தரம் கையை எடுக்காமல் நீளமாக அடித்தார். "வந்து தொலையேன்டி," என்று பல்லைக் கடித்தார். அப்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

குடத்தைப் போட்டுவிட்டு ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் இறங்கினார். வண்டி அங்கேயே வழியில் அணைந்து நின்றது.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், வரும்போதே உயிர் இல்லை என்றார். "மாரடைப்பு. வலியே தெரிஞ்சிருக்காது, ஒரு நொடியிலே முடிஞ்சிருக்கும்." வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லி ஆறுதல் படுத்தினார்கள். அந்த நான்கு ஹாரனுக்கும் நீள ஹாரனுக்கும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவர் மட்டும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சோலைச்சாமி ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து மூடியைக் கழற்றினான். சாவித் துவாரத்துக்குப் பின்னால் சொருகியிருந்த வயர்க்கொத்தை உருவினான். ஒரு வயரின் முனை மட்டும் உருகிக் கரிந்திருந்தது. கரிந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை வைத்து அழுத்திச் சொருகினான். சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே தடவையில் எடுத்தது.

கூட்டத்தில் யாரோ, "அப்பாடா," என்றார்கள்.

வேலுசாமி ஜன்னலருகே வந்தார்.

"எம்புட்டு நேர வேலை மாப்ள இது?"

சோலைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"அவ சொல்லச் சொன்னா. நாந்தான் லோடு முடியட்டும்னேன். எம்புட்டு நேரம், சொல்லு."

"விடுங்க மச்சான்."

"சொல்லுலே."

"பத்து நிமிஷம்."

வேலுசாமி தலையை ஆட்டினார், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவரைப் போல. சோலைச்சாமி வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அமரர் ஊர்தி பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்தது.

எரித்துவிட்டுக் குளித்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் அனுசியா, சித்தி வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தட்டில் போட்டு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கை நீளவில்லை. அவளே ரசத்தை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள்.

"ப்பா."

"ம்."

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னா? ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

வேலுசாமி ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் பிடித்ததும் பின்னாலிருந்து வந்த குரல். வண்டி இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"'போங்க, போங்க'ன்னா," என்றார்.

அனுசியா சோறு குழைந்துபோன பிறகும் பிசைந்துகொண்டே இருந்தாள்.