எரிமலை இல்லாத ஏழாவது படம்

இங்கிலாந்தின் க்ரிம்ஸ்பி துறைமுக ஊரில் பெல்கிரேவ் ரசிகர் சங்கத்தார் மற்ற மாதக் கூட்டங்களுக்கு வராமல் போனால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. பிப்ரவரிக் கூட்டத்துக்கு வராவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் உளவாளி பெல்கிரேவின் பதினாலு படங்களையும் தரவரிசைப்படுத்துவார்கள். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பப், அதன் மாடி அறை, ஆளுக்கொரு பியர், நடுவில் பன்றிக்கறி அடைத்த போர்க் பை ஒரு தட்டு, மதியம் தொடங்கி விளக்குப் போடும் வரை சண்டை.

முதல் இடத்துக்கு எப்போதும் அடிதடி. ‘ட்ரியெஸ்டில் ஒரு ஞாயிறு’ என்று ஒரு கட்சி, ‘நாலு சாவி’ என்று இன்னொரு கட்சி. கடைசி இடத்துக்கு மட்டும் போட்டியே கிடையாது. ஏழாவது படமான ‘வெள்ளை நங்கூரம்’ அங்கே பட்டா போட்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டுகளை வாசிப்பது சங்கச் செயலாளர் க்ளெண்டா ஸ்டோதர்ட். வாரம் பூராவும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கத்திக் கத்தி உறுதிப்பட்ட குரல் அவளுடையது. அன்றைக்கும் அவள் கடைசி இடத்தைப் படித்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டி டெஸ்மண்ட் பக்கம் திரும்பினார்கள்.

டெஸ்மண்ட் கத்பெர்ட் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தைத் தொடங்கியதே அவர்தான். வருஷா வருஷம் இந்த இடத்தில் அவர் எழுந்து ஒரு சின்னப் பிரசங்கம் செய்வது வழக்கம்.

“வில்லன் எரிமலை விளிம்புல நிக்கறான். பெல்கிரேவ் ஒரு தள்ளு தள்ளறாரு. உள்ள விழறது வில்லனா? பொம்மை! துணிப் பொம்மை! அதோட ஒரு ஷூ தனியாக் கழண்டு பறக்குது!”

அறை சிரித்தது. புதிதாகச் சேர்ந்திருந்த கெசாயா மட்டும் சிரிக்கவில்லை. லீட்ஸிலிருந்து மாற்றலாகி வந்து இங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தாள். கால் முறிந்து கட்டோடு சோபாவில் கிடந்த நாட்களில்தான் பதினாலு படங்களையும் வரிசையாகப் பார்த்திருந்தாள்.

“எந்த எரிமலை?” என்றாள்.

“வெள்ளை நங்கூரத்துல வர்ற எரிமலைம்மா” என்றார் டெஸ்மண்ட்.

“அதுல எரிமலையே கிடையாதே. போன மாசம்தான் பார்த்தேன்.”

மீன் ஏலக்காரன் லைல் உரக்கச் சிரித்தான். “காலுக்கு மாத்திரை போட்டுட்டுப் பார்த்தியோ? டெஸ் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பெல்கிரேவ் ரசிகர். அவர்கிட்டயா?”

“மாத்திரை போட்டா எரிமலை தெரியணும் லைல், காணாமப் போகாது” என்றாள் கெசாயா. “சரி, நீங்கள்லாம் பார்த்திருப்பீங்கல்ல? சொல்லுங்க, எரிமலை எங்க வருது?”

கடைசியில் என்றார் ஒருவர். இல்லை, நடுவில் என்றார் இன்னொருவர். அது எரிமலைக் குழம்பு அல்ல, பனி என்றான் லைல். கொஞ்சம் யோசித்து, பனி எரிமலை என்று திருத்திக்கொண்டான். க்ளெண்டாவும் வாயைத் திறந்தாள். “அந்த ஷூ...” என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த ஷூவை அவள் எங்கே பார்த்தாள்? டெஸ்மண்டின் வாயில்தான் பார்த்திருக்கிறாள். டெஸ்மண்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் க்ளெண்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியிலிருந்து பெல்கிரேவ் டிவிடி பெட்டியை எடுத்தாள். மற்ற வட்டுகள் கைபட்டுக் கைபட்டுத் தளர்ந்து கிடந்தன. ஏழாவது வட்டு மட்டும் குழியிலிருந்து வருவேனா என்றது. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதுகில் ஒரு கீறல் இல்லை. பத்து வருஷமாகக் கூசாமல் கடைசி இடம் கொடுத்துக்கொண்டிருந்த படத்தை அவள் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை.

அப்போதே போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, டெஸ்மண்டுக்கு அந்த எரிமலை எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் அவளைக் குடைந்தது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கடையில் கண்ணாடி தேவைப்படாதவர்களிடம் தேவையில்லை என்று சொல்லியே அனுப்பியவர்.

மறுநாள் காலை பக்கத்து ஊரான க்ளீதார்ப்ஸின் கடற்கரையில் அவர் நாயை நடத்திக்கொண்டு வருகையில் வழிமறித்தாள்.

“டெஸ், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்தப் படத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“பாதி” என்றார் அவர், கொஞ்சம்கூடத் தயங்காமல். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலிருந்தது.

எழுபத்திரண்டு பிப்ரவரி. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஊரெல்லாம் மின்வெட்டு. டெஸ்மண்ட் மொய்ராவை அழைத்துக்கொண்டு படத்துக்குப் போயிருந்தார். அப்போது அவர்கள் பழக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான். பெல்கிரேவ் தீவில் இறங்குகிறார், தூரத்தில் ஒரு மலை புகைகிறது, அவ்வளவுதான். திரை அணைந்தது. டார்ச்சோடு வந்த ஆள் இன்னொரு நாள் வரலாம் என்று சீட்டு கொடுத்து அனுப்பினான். வெளியே தெருவே தெரியவில்லை. மொய்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் என்று நினைத்து யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றபோது அவர் கல்யாணத்துக்குக் கேட்டார். அவளும் சரி என்றாள்.

“அப்புறம் அவளுக்கு ஒரே வருத்தம். நான் வந்த ராசி, உன் பெல்கிரேவ் பாதியில நின்னுபோச்சேன்னு. நான் சொன்னேன், அட, அந்தப் படம் குப்பை, நல்லவேளை கரண்ட் போச்சுன்னு. அவ நம்பல. அதனால முடிவு ரொம்ப மோசம்னு யாரோ சொன்னதாச் சொன்னேன். மலை புகைஞ்சுதில்ல, அதை எரிமலையாக்கினேன். ஷூ அப்புறமா வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே பார்த்த மாதிரி ஆயிடுச்சு.”

“அதுக்கப்புறம் டிவியில வந்திருக்குமே. பார்க்கணும்னு தோணவே இல்லையா?”

“தோணும். ஆனா நல்லா இருந்து தொலைச்சா என்ன பண்றது?” என்றார் டெஸ்மண்ட். நாய் கயிற்றை இழுக்க, ரெண்டடி போய்த் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். நீயே சொல்லிடு. மொய்ராவையும் கூட்டிட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை நிரம்பி வழிந்தது. சங்கத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மொய்ரா, நீலத் தொப்பியோடு முன் வரிசையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். க்ளெண்டா திரைச்சீலையை இழுத்துவிட்டு வட்டைப் போட்டாள்.

முதல் பாதி நிஜமாகவே தாங்கவில்லை. பெல்கிரேவ் ஒரு கடல்நாயிடம் ரகசியம் பேசினார். லைல் அடிக்கொரு தரம் “கடைசி இடம்! கடைசி இடம்!” என்று கூவினான். தீவு வந்தது. மலை புகைந்தது. அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. காமிரா கிட்டே போயிற்று. அது மலையே இல்லை. மீனைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை.

“கொட்டகைய்யா!” என்று லைல் துள்ளினான். “யோவ் டெஸ், உங்க எரிமலையில மீன் காயுதுய்யா!”

அதற்குப் பிறகு துப்பாக்கியே வெடிக்கவில்லை. ஏற்கெனவே குண்டு பட்டிருந்த பெல்கிரேவை அந்தக் கொட்டகைக்காரி உள்ளே இழுத்துப் போடுகிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்கு அவள் பாஷை தெரியாது. கஞ்சி கொடுக்கிறாள். அவர் வலை பின்னப் பழகுகிறார். வில்லன் கதவைத் தட்டும்போது அவள் அவனிடம் ஏதோ சொல்கிறாள், அவன் திரும்பிப் போய்விடுகிறான். கடைசியில் படகில் ஏறுகிறவரைப் பார்த்து அவள் தன் பாஷையில் ஒரு வரி சொல்வதோடு படம் முடிந்தது. வில்லன் என்ன ஆனான் என்று சொல்லவே இல்லை.

க்ளெண்டாவுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கெசாயா மூக்கை உறிஞ்சினாள். எல்லோரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். அவர் மொய்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ படகுகிட்ட ஓடி வர்றதுக்கு முன்னாடியே நீ கைக்குட்டையை எடுத்தியே” என்றார் அவர். “எப்படித் தெரியும்?”

மொய்ரா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “பார்த்திருக்கேன்.”

“எப்ப?”

“அடுத்த வாரமே. ரெண்டு சீட்டும் என் பையிலதானே இருந்தது. எங்க அக்கா ஐவியோட போனேன்.”



“எரிமலை கிடையாதுன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனே! அன்னிக்கும் தெரியும்?”

“நான் வருத்தப்படக் கூடாதுன்னு ஒரு மனுஷன் மலையையே வெடிக்க வைக்கிறான். அதைப் போய் இல்லேங்கறதா?” என்றார் மொய்ரா. “அப்புறம் ஷூவெல்லாம் வந்துச்சு. நல்லாத்தான் இருந்தது, விட்டுட்டேன்.”

டெஸ்மண்டின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று க்ளெண்டா நினைத்தாள். அவர் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“பிடிச்சிருந்ததா உனக்கு?”

“பதினாலுல இதுதான் டெஸ்.”

“பதினாலும் பார்த்திருக்கியா?”

“நீ வாய் ஓயாமப் பேசறியே, பார்க்காம எப்படிக் குடும்பம் நடத்தறது?”

சிரிப்பு அடங்கியதும் லைல் மறு ஓட்டு கேட்டான். மொய்ரா சங்கத்து உறுப்பினர் இல்லை, அவர் ஓட்டு செல்லுமா என்று கால்மணி நேரம் தர்க்கம் நடந்தது. செல்லும் என்று முடிவாயிற்று. ‘வெள்ளை நங்கூரம்’ பத்தாவது இடத்துக்கு ஏறியது. கடைசி இடத்தில் வந்து விழுந்தது லைலின் உயிரான ஐந்தாவது படம். அவன் எழுந்து நின்று இது திட்டமிட்ட சதி, எண்ணினதே தப்பு, இதில் எத்தனை பேர் ஐந்தாவது படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள் என்று கத்தினான். கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுந்தன. க்ளெண்டாவின் கை எழவில்லை.

முன் வரிசையில் அந்த இருவருக்கும் இது எதுவும் காதில் விழவில்லை.

“கடைசியில படகுகிட்ட அவ ஏதோ சொல்றாளே, என்னது அது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் டெஸ்மண்ட்.

“அதுலதான் ஐவிக்கும் எனக்கும் பஸ் பூரா சண்டை” என்றார் மொய்ரா. “திரும்பி வான்னு சொல்றதா அவ சொன்னா. எனக்கு என்னவோ, வந்துடாதேன்னு சொன்ன மாதிரி இருந்தது.”

“இரு” என்ற டெஸ்மண்ட், க்ளெண்டாவைத் தேடித் திரும்பினார். “க்ளெண்டா, அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை போடும்மா. சத்தம் கொஞ்சம் கூட வை.”